பிளாட்டினத்துக்கு ஓய்வு கொடுத்தவன்

மனிதக் காதுக்குள் பிளாட்டினத்தின் காலம் முடிந்துவிட்டது என்று, மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டில், ஒரு குச்சிக்கிழங்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தபடி இளங்கோ அறிவித்தான். உலகத்தில் வேறெங்கும் அந்தச் செய்தி அப்போது வெளியாகியிருக்கவில்லை.

“ஆறே மாசம் மச்சான். அப்பறம் பிளாட்டினத்துல மோதரந்தான் செஞ்சு போட்டுக்கணும்.”

மச்சான் பூபதி கிழங்கில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே தலையாட்டினான். மிளகும் சாமையும் போடுகிறவனுக்குப் பிளாட்டினத்தின் மேல் தனிப்பட்ட பாசம் எதுவும் இல்லை. அவன் கவலை வேறு. ஆவணியில் வந்த மூளைக்காய்ச்சல் அவன் மகள் சுஜிதாவை இருபது நாள் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஐந்து வயது. அதுவரைக்கும் வாயாடி. காதுக்குள் கருவி வைத்தால் மறுபடியும் கேட்கும், அரசுக் காப்பீட்டிலேயே முடித்துவிடலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று சேலத்து டாக்டர் சுமித்ரா சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தச் சீட்டைத்தான் இளங்கோ கையில் வைத்துக்கொண்டு, சுமாரான விடைத்தாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவன் சுஜிதாவின் தாய்மாமன், பூபதியின் மனைவி கலைமணியின் தம்பி. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில், இதே காதுக் கருவியின் மின்முனைகளுக்குப் பூச்சு கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி மாணவன். முனைவர் பட்டத்துக்குப் பக்கத்தில் போனவன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருத்தன்தான். பக்கத்தில் போய் நான்கு வருடம் ஆகிறது.

“ஏன் மாப்ள, இப்ப வெக்கிறது கெட்டுப் போயிருமா?” என்றான் பூபதி.

“கெடாதுங்க மச்சான். ஆனா பழசு. காதுக்குள்ள நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்குதுங்க. அதுக்குள்ள சிலிக்கோன் ரப்பர்ல செஞ்ச ஒரு மெல்லிசு இழை போவும். மிளகுக்கொடி கணுவுக்குக் கணு மரத்தப் பத்திக்குமில்ல, அப்படி அதுல வரிசையா இருபத்திரண்டு பிளாட்டினப் பொட்டு. அதுதான் நரம்புக்குக் கரண்டு குடுக்கறது. நாங்க அந்தப் பொட்டு மேல ஒரு பூச்சுப் பூசறோம். அதே பொட்டு, பத்து மடங்கு வேலை. இன்னிக்குப் பழசப் போட்டு நாளைக்கு அதக் கழட்டிப் புதுசப் போடறதுக்கு, ஒரே வழியா நல்லதாப் போட்டுக்கலாமில்ல?”

கல்லூரியில் அந்தப் பூச்சு ஒரு கண்ணாடி டம்ளர் உப்புத் தண்ணீருக்குள் பதினோரு நாள் உயிரோடு இருந்தது என்பதை அவன் சொல்லவில்லை. அதைக்கொண்டு இதுவரை ஒரு எலிகூட எதையும் கேட்டதில்லை என்பதையும் சொல்லவில்லை. பொய் சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. டம்ளரைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு நம்பிக்கையாகத்தான் இருந்தது.

கலைமணி இதற்குள் சுஜிதாவை மடியில் இழுத்து, அவள் உள்ளங்கையைத் தன் தொண்டைமேல் வைத்து அழுத்திக்கொண்டு, “கெழங்கு” என்றாள். தொண்டை அதிர்ந்தது. சுஜிதா கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, “கெழங்கு” என்றாள்.

“ஏக்கா, சத்தம் போறது காது வழியா. நீ என்ன, புள்ளைக்கு நாடி பாக்கக் கத்துக் குடுக்கறியா?”

“அவ பேசறது அவளுக்கே கேக்கறதில்ல தம்பி. சொல்லெல்லாம் தேஞ்சுட்டு வருது. நேத்துக் கோழியக் கோயிங்கறா.”

“தேஞ்சாத் தேயட்டும். ஆறு மாசத்துல மொத்தமாத் திருப்பித் தந்தர்றேன்.”

கல்லூரிக்குப் போனதும் கேன்டீனில் இதை நடித்தும் காட்டினான். மாஸ்டரின் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்து, “ரெண்டு புரோட்டா” என்றான். சிரிப்பில் மேசையே குலுங்கியது.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. இரண்டாவது முறை இளங்கோ ஊரில் இருந்ததால் பூபதி போனை அவனிடமே கொடுத்துவிட்டான். அடுத்த தலைமுறைத் தொழில்நுட்பத்துக்காகக் குடும்பம் காத்திருக்கிறது என்று இளங்கோ ஆங்கிலத்தில் சொன்னான். “லேட் பண்ணினா உள்ள எலும்பு வளந்துரும் சார்” என்று அந்தப் பக்கத்துப் பெண் தமிழில் சொன்னார். எலும்பு அவன் பாடத்தில் இல்லை.

பங்குனியில் பூச்சு வெங்காயச் சருகுபோல உரிந்து டம்ளரின் அடியில் கிடந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் அதை எட்டிப் பார்த்து, “மேலும் ஆய்வு தேவைன்னு எழுதிக்கப்பா” என்றார். அது எல்லோரும் எழுதுவதுதான். இளங்கோவுக்கு அன்று எழுத வரவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறினான்.

“பழசே போட்டுக்கலாம் மச்சான்.”

பூபதி சட்டையை மாட்டினான்.

சேலத்தில் ஸ்கேன் எடுத்து முடிய மத்தியானம் ஆயிற்று. டாக்டர் சுமித்ரா கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று யாரோ ஒருவருடைய நல்ல காது. சுருளுக்குள் சாம்பல் நிறமாக ஒரு தடம் ஓடியது. மற்றது சுஜிதாவுடையது. அதில் தடமே இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

“இந்தச் சுருளுக்குள்ள தண்ணி இருக்கணும். இந்தக் காய்ச்சல் வந்துட்டுப் போனா அந்த எடத்துல எலும்பு வளர ஆரம்பிச்சிரும். அதுக்குத்தான் ஒரு மாசம்னு எழுதினேன். இப்ப ரெண்டு பக்கமும் அடைச்சிருச்சு.”

“எத்தனை பொட்டு உள்ள போவுங்க?” இளங்கோவின் குரல் அவனுக்கே யாருடையதோபோல இருந்தது.

“குடைஞ்சு பாத்தாத்தான் தெரியும். வாசல்கிட்டயே நாலோ அஞ்சோ நிக்கலாம். அத வெச்சு ஏதோ சத்தம்னு தெரியலாம். பேச்சு புரியும்னு நான் சொல்லமாட்டேன்.”

“வேற மெட்டீரியல்ல, இன்னும் சன்னமா...”

“எதுல செஞ்சா என்னப்பா, போக வழி வேணுமில்ல?” என்ற டாக்டர் பூபதி பக்கம் திரும்பினார். “புரட்டாசில வரச் சொன்னேன். யார் தள்ளிப் போடச் சொன்னது?”



“நாங்கதானுங்க,” என்றான் பூபதி. “மிளகு பறிப்புங்க. ஆள் கெடைக்கலீங்க.”

அவர்கள் ஊரில் மிளகு பறிப்பதே தை மாதத்தில்தான். இளங்கோவுக்கு அது தெரியும். கலைமணிக்கும் தெரியும். அவள் தலையைக் குனிந்து மகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். இளங்கோ கம்ப்யூட்டரில் இருந்த வெள்ளைப் படத்தையே பார்த்தான்.

டாக்டர் சுஜிதாவைப் பார்த்துச் சிரித்தார். சுஜிதா கைகூப்பி, “வண்க்கம்” என்றாள்.

“ஏழு மாசமா ஒண்ணும் கேக்கல, இன்னும் பேசுறாளே. யார் பண்ணின வேலை இது?”

கலைமணி கூச்சத்தோடு மகளின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக் காட்டினாள். டாக்டர் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“விட்றாதீங்கம்மா. ஊட்ல எல்லாரும் பண்ணுங்க. விதவிதமா மிஷின் வரும், போகும். இவகிட்ட இன்னிக்கு மிச்சம் இருக்கறது இதுதான்.”

திரும்பும்போது மலையடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் கலைமணி ஜன்னலோரம் சாய்ந்து வாந்தியெடுத்தாள். பூபதி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எழுபது வளைவும் சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கியவள். அவளுக்கு மலை ஒத்துக்கொள்ளாமல் போனது அன்றைக்குத்தான். சுஜிதா இரண்டு சீட்டுக்குப் பின்னால் இளங்கோவின் மடியில் இருந்தாள்.

பதினெட்டாவது வளைவில் கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு குரங்குக் கூட்டம் உட்கார்ந்து பஸ்ஸை மேற்பார்வை செய்துகொண்டிருந்தது.

“கொங்கு!” என்று கத்தினாள் சுஜிதா.

பஸ்ஸில் நான்கு பேர் திரும்பினார்கள்.

“கொரங்கு,” என்றான் இளங்கோ. அவள் அவன் உதட்டையே பார்த்தாள். உதட்டில் ‘ர’ எழுத்து தெரிவதில்லை.

“கொங்கு,” என்றாள் மறுபடி, அவன் ஒத்துக்கொள்வான் என்ற நம்பிக்கையோடு. பொங்கலுக்கு வந்தபோது இந்தச் சொல்லை அவள் சரியாகத்தான் சொன்னாள்.

இளங்கோ முன்சீட்டைப் பார்த்தான். அக்கா கண்ணை மூடியிருந்தாள். அவன் சுஜிதாவின் கையைப் பிடித்தான். பிடித்த கையைக் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாதவன்போல வைத்திருந்தான். பிறகு சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றி, அந்தச் சின்ன உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து, மெதுவாகச் சொன்னான்.

“கொரங்கு.”

அவள் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். பஸ் உறுமுகிற உறுமலில் அவன் தொண்டையிலிருந்து அவளுக்கு எதுவும் வரவில்லை. கையை இன்னும் அழுத்தினாள்.

“கொர்ரங்கு,” என்றான் உரக்க.

“ஏனுங்க தம்பி, யாரச் சொல்றீங்க?” என்றார் பக்கத்து சீட்டில் முருங்கைக்காய்க் கட்டோடு இருந்தவர்.

சுஜிதா கையைத் தன் தொண்டைக்குக் கொண்டுபோய் வாயைத் திறந்தாள். சந்தேகம் வந்து மறுபடியும் அவன் கழுத்தில் வைத்தாள். அவன் மூச்சை இழுத்துக்கொண்டான்.