சோதனைப் பிரதியில் குறை ஏதுமில்லை

1988இல் தருமபுரியில் இருந்த ஒரு கண் சிகிச்சை அறக்கட்டளைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மேலாளர் சவரிமுத்து, பங்குச் சாமியாரை அழைத்து அதை மந்திரிக்கச் செய்தார். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சந்தனப் பொட்டும் வைத்தார். அந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது.

ஆபரேஷனுக்கு ஆள் பட்டியல் போடும் புரோகிராமைப் பெங்களூர்க் கல்லூரி ஆசிரியர்கள் நாலு பேர் எழுதி, இலவசமாக அனுப்பியிருந்தார்கள். கூடவே கடிதம்: "இது சோதனைப் பிரதி. உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். தப்பு கண்டால் எழுதுங்கள். திருத்தி எல்லோருக்கும் தருகிறோம்."

குமாஸ்தா மாதையன் தப்பைக் கண்டுவிட்டான். வயது தெரியாதவர்களுக்குப் பூஜ்யம் போட வேண்டும் என்பது சவரிமுத்துவின் உத்தரவு. சான்றிதழ் இல்லாத வயதை அவர் ஏற்கமாட்டார். வயதில் பூஜ்யம் விழுந்தவர்கள் யாருமே பட்டியலில் வரவில்லை. இருநூற்றுப் பதினாலு பேரில் நாற்பத்து மூன்று பேரைக் காணோம். அதில் ஒருத்தி ஏரியூரில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, சுவரைத் தடவி நடக்கும் அவன் அம்மா சென்னம்மாள்.

மாதையன் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு சவரிமுத்துவிடம் போனான்.

"ஏப்பா மாதையா, ஓசியில குடுத்தவங்களுக்குக் குத்தப் பத்திரிகையா?"

"அவங்களே கேட்டிருக்காங்க சார்."

"வீட்டுக்கு வந்தவன் 'சாப்பாடு எப்பிடி?'ன்னா உப்பில்லன்னா சொல்லுவ? தப்புன்னு எழுதினா, நமக்கு ஓட்டத் தெரியலன்னுதான் நெனப்பாங்க."

"அம்மா பேரு வரலீங்க சார். வயசு அறுபதுன்னாச்சும் போட்டுக்கட்டுங்களா?"

"கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்தர்ல கை வைக்கிறதா? வேலை வேணுமா, வேணாமா?"

மூன்று பக்கமும் மேசை இழுப்பறைக்குள் போயின. பெங்களூருக்கு ஒற்றை வரி போனது: 'குறை ஏதுமில்லை.' கீழே சவரிமுத்துவின் கையெழுத்து மட்டும் நாலு விரற்கடை நீளம்.

முகாமன்று பேர் பேராகக் கூப்பிட்டார்கள். சென்னம்மாள் ஒவ்வொரு பேருக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். நூற்று எழுபத்தொன்றோடு பட்டியல் முடிந்தது.

"இதுல இல்லன்னா இல்லதாம்ப்பா. மெஷின் பொய் சொல்லாது" என்றார் சவரிமுத்து.

இரண்டு மாதத்தில் முழுப் பிரதி வந்தது. சோதித்த அலுவலகங்களில் பதில் போட்டது இது ஒன்றுதானாம். அதை நம்பி, ஒரு எழுத்தும் மாற்றாமல் எட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் முதல் வரி: 'நன்றி: திரு. சவரிமுத்து, தருமபுரி.'

சவரிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அதை மூன்று தரம் வாசித்தார்.

அந்த ஞாயிறு மாதையன் ஏரியூர் போனான். காலடிச் சத்தம் கேட்டதும் அம்மா கேட்டாள்: "பேரு வந்துச்சாடா?"

"வந்துச்சும்மா" என்றான். யாருடையது என்று சொல்லவில்லை.