நோன்பில் தேறிய மாப்பிள்ளை

நோன்பு மாதத்தில் ஊரெல்லாம் இளைக்கும். எங்கள் வீட்டு மாப்பிள்ளை மட்டும் தேறினார். வம்பு அங்கேதான் பிடித்தது.

காயல்பட்டினத்தில் கல்யாணமானால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வந்தவர் கொழுத்தால் பெண் வீட்டுக்குப் பெருமை, வாடினால் பழி. என் தங்கை ருகையாவைக் கட்டிக்கொண்டு பீர் முகம்மது மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தது 1946 தை மாதம். ஆடிக்குள், சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்க்கும் நிலைமை. சாப்பிட்டு எழுந்தால் வயிறு ஊதும். சொம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடையாய் நடப்பார்.

சாப்பாட்டில் நாங்கள் குறை வைக்கவில்லை. பர்மா அரிசி நின்றுபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது. ரேஷன் கடையில் பாதி அரிசி, பாதி கோதுமை என்று அளந்தார்கள். அரிசியில் கல்லும் உண்டு, புழுவும் உண்டு. "மாப்பிள்ளைக்கு இந்தச் சோறா போடுவிய?" என்று வாப்பா கொதித்துப்போய், தூத்துக்குடி துறைமுகத்தில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் பிடித்து, ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த முதல் தரக் கோதுமையை வாங்கிவந்தார். மச்சானுக்குக் காலையில் ரவைக் கஞ்சி, மதியம் நெய் ரொட்டி, வெள்ளிக்கிழமை கோதுமை அல்வா. ஆண்களாகிய எங்களுக்குக் கல்லரிசிச் சோறு. அடுக்களையில் பெண்களுக்குச் சோளக்கூழ்.

மச்சான் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வியாபாரக் குடும்பத்தில் மாப்பிள்ளை தட்டைத் தள்ளினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சீர் போதவில்லை, இன்னும் கேட்கிறார். ஒருநாள் பாதி ரொட்டியை வைத்துவிட்டு எழுந்தார். மறுநாளே வாப்பா கைக்கடிகாரம் வாங்கிவந்து மாட்டினார். மணிக்கட்டில் மாட்டிய கடிகாரம் மாதாமாதம் முழங்கைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு நோன்பு வந்தது. மச்சான் பள்ளிவாசலில் கஞ்சி குடித்து நோன்பு திறந்தார். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு, "ரொட்டி தின்னா பகல்ல தாகம் எடுக்கு" என்று அந்தக் கல்லரிசிச் சோற்றையே கேட்டு வாங்கினார். இருபதாம் நோன்புக்குள் கடிகாரம் மணிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. முகத்தில் ரத்தம் தெரிந்தது. சொம்பு ஓய்ந்தது.

பெருநாளைக்கு வாப்பா விட்டுவைப்பாரா? மூன்று நாள் ரொட்டியும் அல்வாவும். நாலாம் நாள் மச்சான் பாயோடு பாயாகக் கிடந்தார்.

அவருடைய உம்மா முத்து பீவி வந்து சேர்ந்தார். அந்த அம்மா விலை பேசினால் மீன்காரன் மீனை வைத்துவிட்டு ஓடுவான். முற்றத்தில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுப் பகல் சாப்பாடு நின்ன மாசம் எம்புள்ள தேறுனான். பெருநாளைக்குத் தின்னான், விழுந்துட்டான். நான் எழுத்துப் படிக்காதவதான். ஆனா இது புரியாதா எனக்கு? மருந்து வச்சிட்டாளுவ!"

மாப்பிள்ளை பெண்டாட்டியை விட்டு அகலாதிருக்கச் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பதைத்தான் ஊரில் மருந்து வைப்பது என்பார்கள். அந்தப் பேச்சு ஒட்டிவிட்டால் பெண்ணின் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். எங்கள் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முத்து பீவி மகனை மாட்டு வண்டியில் ஏற்றினார். ஊர் ஜமாஅத்தைக் கூட்டி இந்த நிக்காஹை முறிக்காமல் விடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் ருகையா அண்ணனாகிய என்னிடம் வந்தாள்.

"கோதுமதான் காக்கா."

"என்னளா கோதும?"

"அவிய கொழும்புக் கடையில இருந்தப்ப பாண் ரொட்டி தின்னும் இப்படித்தான் ஆச்சாம். தண்ணி ஒத்துக்கிடலன்னு மாமி கூட்டிட்டு வந்துட்டாவ. இங்கன ரொட்டி. நோம்புல ரொட்டி இல்ல, நல்லா இருந்தாவ. பெருநாளைக்கு மறுபடியும் ரொட்டி. எந்த மூட்டையில குத்தூசி போட்டாலும் ஒரே சரக்குதான் வருது."

மூட்டையில் குத்தி மாதிரி தானியம் எடுக்கும் குத்தூசியை வைத்து விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். அவள் சொன்னது எனக்குப் பட்டது. வாப்பாவுக்குப் படவில்லை.

"வடக்க கோடிப் பேரு அதத்தான் தின்னு பயில்வானா நிக்கான். இவருக்கு மட்டும் நஞ்சாக்கும்? நான் கப்பல் அடியில நின்னு பொறுக்கின சரக்கு!"

நான் ருகையாவைத் தனியே கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னேன். நல்ல யோசனை என்று அப்போது நினைத்தேன்.

"இருக்க மாவு பூரா மாமி வீட்டுக்குச் சீரா அனுப்பிருவோம். அவங்க கையாலயே சுட்டுக் குடுக்கட்டும். எட்டு நாள்ல மச்சான் அங்கனயும் படுத்துருவாரு. பெத்த தாயா மருந்து வச்சா? கேசு முடிஞ்சுது."

மறுநாள் காலை பாதிச் சாக்கு கட்டித் தயாராக இருந்தது. தூக்கினதுமே கை சொல்லிவிட்டது. மாவு பொதபொதவென்று அமுங்கும், இது சரசரத்தது.

"ஏளா, இது அரிசில்லா!"

வீட்டுக்கு வந்த ஒரு மாதத்து ரேஷன் அரிசி முழுவதும் அதில் இருந்தது. கல் பொறுக்கி, களைந்து, உலர்த்திக் கட்டியிருந்தாள்.

"கிறுக்கா ஒனக்கு? இதத் தின்னு அவரு தேறிட்டா மாமி சொன்னது நெசமாயிரும். நீயே ஒனக்கு எதிரா சாட்சி அனுப்புத."

"ராத்திரி அவிய எத்தன தடவ எழும்புதாவன்னு நாந்தான் காக்கா எண்ணிக்கிட்டுக் கிடப்பேன். சில நாளு சுவரப் பிடிச்சிட்டுத்தான் வருவாவ. நீங்க அத ஒருநாள் பாத்திருந்தா மாவு அனுப்பச் சொல்லமாட்டிய." கண்ணைத் துடைத்துக்கொண்டு சீறினாள்: "எடுத்துட்டுப் போங்க. இல்ல, நானே தலையில வச்சிட்டுப் போறேன்."

கொண்டுபோய் இறக்கினேன். முத்து பீவி சாக்கில் கையை விட்டு அரிசியை அளைந்து பார்த்தார்.

"இந்தக் காலத்துல அரிசியக் கண்ணுல காட்டுதியன்னா, மடியில கனம் இருக்குன்னு அர்த்தம்" என்றார். அரிசியைத் திருப்பித் தரவில்லை.

நான் பயந்தபடியே ஆயிற்று. பத்து நாளில் மச்சான் எழுந்து நடந்தார். பதினைந்தாம் நாள் தொழுகைக்கு வந்தார். முத்து பீவி வீடு வீடாய்ப் போய் மகனின் கன்னத்தை வர்ணித்தார். அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனது. அரிசி போனதால் எங்கள் வீட்டில் ஆண்கள் எல்லாரும் மூன்று வேளையும் ரொட்டி தின்றோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் ருகையா சொன்னதற்கு எதிராகவே வாப்பா எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் மச்சான் வாசலில் வந்து நின்றார். கையில் வெறும் சாக்கு.

"அரிசி தீந்துட்டு மூஸா. உம்மா ரொட்டி சுட ஆரம்பிச்சிட்டாவ. மணம் வந்ததும் கிளம்பிட்டேன்."

"ஆகாதுன்னு வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதான மச்சான்?" என்றேன்.

"சொன்னேன். 'இதயும் அவதான் சொல்லிக் குடுத்தாளா'ன்னாவ."

நேரே அடுக்களைக்குப் போனார். மாப்பிள்ளைகள் மிதிக்காத இடம். ருகையா பதறினாள், வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. வேறு வழியில்லாமல் சோளக்கூழை ஊற்றி, சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்றை வைத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினார். உள்ளே வந்த வாப்பா அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பின்னாலேயே முத்து பீவி வந்துவிட்டார்.

"பாத்தியளா! கயிறு கட்டி இழுத்தாப்புல ஓடிவந்துட்டான். மருந்து இல்லாம இது என்னது?" என்றவர் கிண்ணத்தைப் பார்த்தார். "சோளக்கூழா? எம்புள்ளைக்கா? நாளைக்கு ஜமாஅத்துல இதயும் சேத்துச் சொல்லுதேன்!"

மச்சான் தலை நிமிரவில்லை. அந்தக் கூழ் அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதுகூட ருகையாவுக்குத் தெரியாது. அதற்கு மாதிரி பார்த்ததில்லை.

அவர் வெறும் கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார். கடிகாரம் மணிக்கட்டிலேயே இருந்தது.

"இன்னும் ஒரு அகப்பை ஊத்து" என்றார், உம்மாவுக்குக் கேட்கும்படி.