வெயில், உப்பு, தரை

புது அகராதி கடைக்கு வந்த வாரத்தில், வேர்க்காரர் வீட்டில் வெயில் தரைக்கு அடியிலிருந்து அடிக்கத் தொடங்கியது. அந்த வாரம் வெங்காய விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை.

அகராதி அலுவலகத்தில் வார்த்தைகளின் பூர்வீகம் தேடுவது அவர் வேலை, பட்டப்பெயரும் அதனால்தான். எதிர் மேசையில் அவர் மனைவி. அவள் சிவப்பு மையால் திருத்தாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகாது. 'ஸோல்' என்ற பொடி வார்த்தையில்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது. ஸ்பானிஷிலும் ஸ்வீடிஷிலும் அது சூரியன், பிரெஞ்சில் தரை, ரஷ்ய மொழியில் உப்பு. சூரியன்கள் இரண்டும் ஒரே பாட்டன் வழிப் பங்காளிகள். பிரெஞ்சுத் தரையோ லத்தீனிலேயே வேறு வீட்டுப் பிள்ளை. ரஷ்ய உப்பு மூன்றாவது குடும்பம். அதற்கு ஆங்கிலேயரின் 'ஸால்ட்'தான் சொந்தம். முகஜாடை ஒன்றாக இருக்கிறதே தவிர ரத்த சம்பந்தம் கிடையாது. வேர்க்காரருக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. வெயில் கடலைக் காய்ச்சியது, உப்பு தரையில் படிந்தது, ஆகவே மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று ஒரே பதிவாக எழுதிவிட்டார்.

"கதை அழகா இருக்குங்க. ஆனா உண்மையில்ல," என்று அவள் குறுக்கே கோடு போட்டாள். அவர் தலையாட்டினார். அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கோடு போட்டதைப் பழையபடி எழுதி அச்சகத்துக்கு அனுப்பினார்.

புத்தகம் கடைக்கு வந்ததும் வீட்டுத் தரை தகித்தது. பளிங்குக் கற்களின் இடுக்கில் உப்புப் பூத்தது. காலையில் ஜன்னலுக்கு வந்த சூரியன் மண் நிறத்தில் மங்கலாக இருந்தது. "வெயில் காலம் சீக்கிரம் வந்துடுச்சு," என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம் அவர்.

அச்சான பக்கத்தைப் பார்த்த அன்றே அவள் பெட்டியைக் கட்டினாள். "தரை சுடறதைப் பொறுத்துக்கலாம். என் முதுகுக்குப் பின்னால மாத்தினீங்களே, அதைப் பொறுக்க முடியல. மூணையும் நீங்களே பிரிச்சு எழுதுங்க, வர்றேன்." தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

வருஷங்கள் ஓடின. எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, இருவரும் ஒருவருக்கொருவர் ஆபீஸ் பியூன் மூலமாகத்தான் பேசினார்கள். வீட்டில் அவர் பலகை போட்டு நடந்தார். கூட்டிய உப்பை அக்கம்பக்கத்தார் டப்பாவில் வாங்கிப் போனார்கள். தெருவில் யாரும் கடையில் உப்பு வாங்குவதில்லை. குறை சொல்லவும் ஆளில்லை, குறை கேட்கவும் ஆளில்லை. மனுஷர் வீம்பாக இருந்தார்.

இரண்டாம் பதிப்புக்கு வேலை தொடங்கிய சமயம், வீட்டில் பலகை ஒன்று உடைந்து அவர் தடுமாறி அவளுடைய பழைய நாற்காலியில் விழுந்தார். கால் பட்ட இடம் ஜில்லென்று இருந்தது. வீடு முழுக்க எரிந்தும், அவள் கால் வைத்துப் படிக்கும் அந்த ஒரு கல் மட்டும் வெறும் தரையாகவே இருந்திருக்கிறது. அத்தனை வருஷமாக அவர் அந்தப் பக்கமே போகவில்லை. அவளில்லாமல் தனக்கு ஒரு நாளும் நன்றாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுதார். அந்தக் கல்லில் கால் வைத்தபடியே மூன்று பதிவுகளையும் தனித்தனியாக எழுதினார்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அவள் மேசையில் வைத்தார். "நீ சொன்னதுதான் சரி. நான் பண்ணது திருட்டுத்தனம்." அவள் நிதானமாகப் படித்து, ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தினாள். சாயங்காலம் பெட்டியோடு வந்தாள்.

பதிப்பு வெளியானதும் ஜன்னலில் சூரியன் பழைய நிறத்துக்குத் திரும்பியது, உப்பு நின்றது, தரை ஆறியது. தெருக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கடைக்குப் போனார்கள். முதல் பதிப்பின் வீட்டுப் பிரதி கிடக்கும் கல் மட்டும் இன்றுவரை சூடாகவே இருக்கிறது. அந்தப் பிரதியை எடுத்து எரித்துவிடலாம் என்று அவர்தான் சொன்னார். அவள் விடவில்லை. காபிப் பாத்திரத்தை அந்தக் கல்லின் மேல் வைத்தாள். இருவரும் வேலை முடிந்து வரும்வரை அது ஆறாமல் இருக்கிறது.