குறைந்தபட்சம் கட்ட வேண்டியது

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. தென்காசியில் ஒரு வங்கிக்கு பாஸ்புக் பதியப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவளுக்கு நடந்தது. உலகம்மை என்ற பேர் மட்டும் நான் வைத்தது.

முதலில் எழுதிய வரி: குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய அந்தக் காலையில் உலகம்மையின் மனமும்...

(அடித்துவிட்டேன். கம்மலை அடகு வைத்து முப்பதாயிரத்தோடு நிற்கிறவளுக்குச் சாரல் எதற்கு?)

2

போன வருடம் அவள் புருஷன் முத்துராஜ், காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். பிளேட் வைக்க அறுபத்திரண்டாயிரம். அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைச் சம்பளக் கணக்குக்கு வங்கி ஒரு கிரெடிட் கார்டு கொடுத்திருந்தது. உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்ததை ஆஸ்பத்திரியில் தேய்த்தாள்.

மகளிர் குழுவில் ஒன்பது வருடமாக ஒரு தவணை தவறாதவள் உலகம்மை. குழுக் கடனில் சொன்ன தவணையைக் கட்டினால் கடன் கரையும். கார்டுக்கும் மாதாமாதம் 'குறைந்தபட்சம் கட்ட வேண்டியது' என்று ஒரு தொகை வந்தது. அதுதான் தவணை என்று நினைத்து, அதை மட்டும் கட்டினாள். பதினொரு மாதம். தொகையும் 3,100-இலிருந்து மெல்ல 2,800-க்கு இறங்கியது. கடன் கரைகிறது என்று குழுவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

(இங்கே நானே அவளைச் சந்தேகப்பட்டேன். இவ்வளவு கெட்டிக்காரி மீதியைப் பார்க்க மாட்டாளா? போனில் வரும் செய்தியில் மொத்த மீதி, குறைந்தபட்சம் என்று இரண்டு எண் இருக்கும். அவள் கண் சின்னதற்குப் போகும். நாள் தவறாமல் கட்டுகிறவர்கள் பெரிய எண்ணைத் தேடுவதில்லை.)

3

மீதி முப்பதாயிரம் என்பது அவள் கணக்கு. இன்று அடைத்துவிட்டால் முத்துராஜ் மூட்டை தூக்க வேண்டாம். இனிமேல் பாரமே தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன காலோடு, இந்தத் தவணைக்காகத்தான் அவன் தூக்கிக்கொண்டிருந்தான்.

கவுண்டரில் சத்யபிரியா கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அக்கா, ஐம்பத்தஞ்சாயிரம் நிக்குது."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான்."

"ஏம்மா, நல்லாப் பாரு. முப்பத்திரண்டாயிரம் கட்டியிருக்கேன். ஒரு நாள் பிந்தல."

"கட்டியிருக்கிய. முக்காவாசியும் வட்டிக்குப் போயிட்டு. அசல்ல ஏழாயிரந்தான் கழிஞ்சிருக்கு."

உலகம்மை சிரித்தாள். வரிசையில் நின்ற நாங்களும் சிரிக்கப் பார்த்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப பதினோரு மாசமா நான் என்னத்தக் கட்டுனேன்?"

('தலையில் இடி விழுந்தது' என்று எழுதி அடித்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் ரவிக்கை முதுகோடு நனைந்திருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.)

"கையில இருக்கிற முப்பதை இப்பக் கட்டிருங்க. மீதி இருபத்தஞ்சை ஈ.எம்.ஐ.யா மாத்துதேன்" என்றாள் சத்யபிரியா. "பன்னெண்டு மாசம், மாசம் ரெண்டாயிரத்து முந்நூறு. அது நெசமாவே கரையும். கார்டை மட்டும் இனித் தேய்க்காதிய."

எங்கே கையெழுத்து என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போட்டாள் உலகம்மை.

4

வாசலில் முத்துராஜ் வண்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சிட்டா, ஏட்டி? குத்துக்கல்வலசையில உள்ள வாட்ச்மேன் வேலைக்கு நாளைக்கே வாரேன்னு சொல்லிருதேன். சம்பளம் கொறச்சல்தான். கால் மிஞ்சும்லா."

முதல் முடிவு: "முடிஞ்சிட்டு" என்கிறாள். தன் ஒன்பதாயிரம் சம்பளத்தில் மாதாமாதம் ஒளித்துக் கட்டுகிறாள். இன்னொரு தடவை யாருக்காவது உடம்புக்கு வந்தால்...

இரண்டாம் முடிவு: உள்ளதைச் சொல்கிறாள். விடியுமுன்னே அவன் ஐம்பது கிலோ மூட்டைக்கு முதுகைக் கொடுக்கிறான்.

மூட்டை தூக்கிய காசில் தின்று வளர்ந்தவன் நான். இரண்டில் எதை எழுதவும் எனக்குக் கை வரவில்லை.

அவனோ வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லப் போனை எடுத்து எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறான். எதுவானாலும் நீங்களே சீக்கிரம் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம், அவனிடம்.