கடித்த மூலை

அக்ரமுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. சாய்ந்தமருதில் அவன் படித்த பள்ளிக்கூடத்தைச் சுனாமியில் கடல் இடித்துப்போட்டு ஆறு மாதமாகிவிட்டது. உயர்தர வகுப்பு இப்போது பிரதான வீதியோரத் தகரக் கொட்டிலில் நடந்தது. வீதியில் நாள் முழுக்க நிவாரண நிறுவனங்களின் வெள்ளை ஜீப்புகள் ஓடின. அடுத்து வரும் ஜீப்பின் இலக்கத் தகட்டில் கடைசி எண் என்ன? இதுதான் சூது. பந்தயத்துக்கு டின் மீன். காசு யாரிடம் இருந்தது? நிவாரணத்தில் வந்த டின் மீன்தான் வீட்டுக்கு வீடு கிடந்தது. சூதை நடத்தியவன் அக்ரம். கூட்டாளி மசூர்.

ஒருநாள் பொருளியல் படிப்பிக்கும் சேர் பலகையில் எழுதிக்கொண்டிருக்க, வகுப்பே எழுந்து "ஏழு!" என்று கத்தியது. அன்றைக்கென்று பின்னால் வந்து நின்றார் பள்ளிக்கூட அதிபர் பளீல். அக்ரமின் பையைப் பிடித்துக் கவிழ்த்தார். பதினொரு டின் உருண்டோடின.

"இவ்வளவு சனம் மௌத்தானதுக்குப் பொறகும் சூதாடுறீங்களாடா? ஹராம்டா!"

பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கப்போகிறார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். அதிபரின் தண்டனை வேறுவிதமாக வந்தது. வயலை மண் போட்டு நிரப்பிய இடத்தில் நாற்பது வீடு கட்டி முடிந்திருந்தது. கேட்டதோ தொண்ணூறு குடும்பம். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு சீட்டுக் குலுக்கல், பொறுப்பு அதிபருக்கு.

"கள்ள வேல எப்படிச் செய்யிறண்டு ஒனக்குத்தான் தெரியும். அதால நீதான் காவல். மசூரும் நீயும் சீட்டு எழுதி மடிங்க. எல்லாருக்கும் முன்னால நீ எடு, அக்ரம்."

நல்ல மனிதர். நல்ல மனிதர்களை நம்பித்தான் எத்தனை கெட்ட காரியம் நடக்கிறது!

அக்ரமின் வாப்பாவையும் கூடப்பிறந்த காக்காவையும் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய உம்மா ஜுனைதாவும் அவனும் கடற்கரைக் கூடாரத்தில் இருந்தார்கள். அலைச்சத்தம் கொஞ்சம் உரத்தால் போதும், உம்மா அடையாள அட்டை வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து நிற்பார். சோறு அடுப்பில் கருகினாலும் நிற்பார். புது வீட்டுக்குக் கடல் கேட்காது. உம்மாவை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுடைய ஆசை.

உம்மாவின் பெயரெழுதிய சீட்டை மடித்து, ஒரு மூலையைப் பல்லால் நன்றாகக் கடித்துவிட்டு வாளிக்குள் போட்டான். கண்ணை மூடினாலும் விரல் கண்டுபிடிக்கும். மசூர் பக்கத்தில் குனிந்து மடித்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மண்டபம் நெருக்கியடித்தது. முன்வரிசையில் அதாவுல்லா சாச்சா மூன்று பெண்பிள்ளைகளோடு இருந்தார். பிள்ளைகளின் உம்மாவும் அலையோடு போனவர். ஒவ்வொரு சீட்டுக்கும் அவர் கண்ணை மூடினார், பெயர் வேறொன்றாக இருந்தாலும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அக்ரமுக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முதலிலேயே எடுத்தால் சந்தேகம் வரும். பத்துப் பெயர் போகட்டும் என்றிருந்தான். பதினோராவதுக்குத் துழாவ, கடித்த மூலை விரலில் தட்டுப்பட்டது. எடுத்து அதிபரிடம் நீட்டினான்.

"முகம்மது தம்பி!"

மசூரின் வாப்பா. மசூர் கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். கள்ளன்! அப்போ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான், தன் வாப்பாவின் சீட்டையும் அதேபோல் கடித்துப் போட்டிருக்கிறான்.

அதன்பிறகு அக்ரமின் விரல்கள் வாளிக்குள் அலைந்தன. இருபது போனது, முப்பது போனது. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. "என்னடா, மீனா புடிக்கிறாய்?" என்று யாரோ கேட்க மண்டபம் சிரித்தது. முப்பத்தொன்பதும் போனது. கடைசி வீட்டுக்குக் கையை அடிவரை விட்டபோது, வாளியின் ஓரத்தில் அது ஒட்டிக் கிடந்தது.

"ஜுனைதா!"

உம்மா அழுதார். தோளில் கிடந்த பையைக் கழற்றி மடியில் வைத்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவர் பை இல்லாத தோளோடு இருந்ததைப் பார்க்க அக்ரமுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அது எவ்வளவு நேரம்? அதாவுல்லா சாச்சா எழுந்து வந்து அவனுடைய வலது கையை இரண்டு கையாலும் பிடிக்கும் வரைக்கும்தான்.

"ஒன்ட கையில பரக்கத் இருக்கு மகன், அல்லாஹ்ட அருள். சரியான ஆளுக்குத்தான் உழுந்திருக்கு. அடுத்த வீடு வந்தாலும் நீதான் எடுக்கணும், என்ன?"

"ஓம் சாச்சா."

சனம் கலைந்தது. மிஞ்சிய ஐம்பது சீட்டையும் எரிக்கச் சொல்லிவிட்டு அதிபர் அறைக்குப் போனார். வாளியைக் கவிழ்த்ததும் அதாவுல்லாவின் சீட்டு மேலே வந்தது. அக்ரம் எழுதியது, அக்ரம் மடித்தது. நாலு மூலையும் நேராக இருந்தன. அதைச் சட்டைப்பைக்குள் வைத்தான். வெளியே எடுத்தான். திரும்பவும் வைத்தான். எழுந்து அதிபரின் அறைப் பக்கம் நடந்தான்.

மசூர் ஓடிவந்து சட்டையைப் பிடித்தான்.

"எங்கடா போறாய்?"

"கதைக்கணும்."

"விசராடா ஒனக்கு? ஒங்கும்மாட வீடுடா! என்ட தங்கச்சிமாரு நாலு பேரும் எங்க போற?"

"என்ட கள்ளத்த மட்டும்தான் செல்லுவன்."

மசூரின் கை தளர்ந்தது. மண்டபத்து வாசலில் உம்மா பக்கத்து ஆட்களிடம் புது வீட்டு வாசலில் முருங்கை நடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்ரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் போகமாட்டான் என்று அவனுக்குத் தெரியும். கதவைத் தட்டினான்.

"ஆரு அது?"

"நான்தான் சேர். நீங்க காவலுக்கு வெச்ச ஆள்."