மிளகுக்கு இன்னும் நாள் இருக்கிறது

மூன்று மாத நாய்க்குட்டி மிளகுக்கு விதைகள் இன்னும் வயிற்றிலிருந்து விதைப்பைக்குள் இறங்கவில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு சிவபாண்டி சொன்னதிலிருந்து அதை வளர்க்கும் தாமரைச்செல்விக்குத் தூக்கமில்லை. இப்போதே செய்தால் இந்தச் சின்ன உடம்பு தாங்குமா? தள்ளிப்போட்டால் ஏதாவது ஆகிவிடுமா?

ஒத்தக்கடை கால்நடை மருத்துவர் கனகலட்சுமி குட்டியைத் தொட்டதும் கேட்டார்: “ஏன் இம்புட்டு நடுங்குறான்?”

“டாக்டர்ட்ட வாரோம்ல மேடம், குளிப்பாட்டிக் கூட்டியாந்தேன்.”

“நல்லா வந்தீங்க! பொண்ணு பாக்கவா வந்திருக்கான்? குளிர்லயும் பயத்துலயும் விதை மேல ஏறிக்கிரும்.”

துண்டால் துவட்டி, குட்டியின் உடம்பு சூடேறியதும் மறுபடி தடவிப் பார்த்தார்.

“ஒண்ணு இறங்கிருச்சு. இன்னொண்ணு தொடையிடுக்குல நிக்குது. ஆறு மாசம் வரை பாப்போம். அப்பவும் வரலைன்னா ஆபரேஷன். உள்ளயே விட்டா பின்னாடி கட்டி வரலாம். இப்ப அவசரமில்ல.”

காத்திருப்பதும் ஒரு வைத்தியம்தான் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் இத்தனை நாளும் தவித்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது.

ஆபரேஷன் இன்றைக்கே இருக்குமென்று காலையிலிருந்து குட்டியைப் பட்டினி போட்டிருந்தாள், தானும் சாப்பிடவில்லை. வெளியே வந்ததும் டீக்கடையில் பன் வாங்கிப் பாலில் நனைத்து அதற்கு ஊட்டினாள். மீதியை நின்றபடியே அவள் தின்றாள்.