மூன்று நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும்படி எந்த ஆவேசமும் என்னை உந்தவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பழைய லேப்டாப் வாங்கினோம். கோளாறு இருந்தால் மூன்று நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர்.

"அப்போ மூணு நாளும் அதைச் சும்மா விடாதே. மக்கர் பண்றதா இருந்தா இப்பவே பண்ணட்டும்" என்றாள் அம்மா.

அதனால் கதை எழுதுகிறேன். இதற்குப் பின்னால் இரண்டு வீடியோக்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் வாசிப்பது இலக்கியமா என்று என்னிடம் கேட்காதீர்கள். இது சோதனை ஓட்டம்.

இன்று ஞாயிறு. நாளை காலை பத்து மணிக்கு எனக்குத் தேர்வு. வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதும் வேலைக்கு. இரண்டு மணி நேரம் கேமராவுக்கு முன்னால் பேசவும் எழுதவும் வேண்டும். நடுவில் மெஷின் நின்றால் மறுவாய்ப்பு கிடையாது. கல்லூரி கொடுத்திருந்த லேப்டாப்பை, பட்டத்தைக் கொடுத்த கையோடு திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.*

(* கையெழுத்து வாங்கிக்கொண்டு. சார்ஜர் ஒயரைக்கூட அளந்து பார்த்தார்கள்.)

2.

தொடக்கம் ஒன்று: அன்று மழை பெய்துகொண்டிரு

பெய்யவில்லை. நல்ல வெயில்.

தொடக்கம் இரண்டு: நீராவியில் வெந்த அம்மாவின் கைகள் ஒரு வரைபடத்தைப் போல

இதையும் விட்டுவிடுகிறேன். அம்மா ஒரு சலவை நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக இஸ்திரி போடுகிறாள். அவளுடைய கை, கை மாதிரிதான் இருக்கும். எங்களைப் போன்றவர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு எங்கள் அம்மாக்களின் கைகள் மேல் அப்படி என்ன மோகமோ!

தொடக்கம் மூன்று: நானும் அம்மாவும் கடைக்குப் போனோம்.

போதும்.

3.

மாடிக்கடை. லேப்டாப்கள் புத்தகம் போல நிமிர்த்தி அடுக்கப்பட்டிருந்தன. பழைய ஸ்டிக்கரைச் சுரண்ட ஊற்றிய தின்னர் நெடி மூக்கில் ஏறியது. நான் ஒரு பட்டியலோடு போயிருந்தேன். பேட்டரி எவ்வளவு தாங்கும், ரேம் எவ்வளவு, திரையில் புள்ளி உண்டா, எல்லா விசைகளும் வேலை செய்கின்றனவா. ஒன்றையும் விடாமல் கேட்டேன். கடைக்காரருக்கே மரியாதை வந்துவிட்டது.

ஒல்லியான, வெள்ளி நிற லேப்டாப் ஒன்றை எடுத்து வைத்தார். பட்டியலில் இருந்த அத்தனையிலும் தேறியது. எனக்கு அதன் மேல் கண் விழுந்துவிட்டது என்பதை மறைக்கப்போவதில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நான் யாரோ மாதிரி இருப்பேன்.

அம்மா அதைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"தம்பி, இது சும்மா நிக்கும்போதே இவ்ளோ சுடுதே. வேலை குடுத்தா என்ன ஆகும்?"

கடைக்காரர் சிரித்தார். "அம்மா, இது இஸ்திரிப் பெட்டி இல்லைங்க."

[இங்கே நான் அம்மாவிடம் சொன்ன ஒரு வாக்கியம் இருந்தது. அழித்துவிட்டேன்.]

"ஒரு மணி நேரம் ஓட விடுங்க" என்றாள் அம்மா.

"ஒரு மணி நேரமா? படம் பாக்கவா வந்தீங்க?"

"ஆமா. நல்ல படமா போடுங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

4.

இந்தக் கதையில் நம்ப முடியாத பாத்திரம் ஒன்று இருக்கிறது. அம்மா இல்லை. 'நான்'தான். எல்லாக் கேள்வியும் கேட்கிறாள், யாருக்கும் பயப்படவில்லை, அம்மா பேசும்போது மட்டும் அவள் வாயில் ஒரு சொல்லும் இல்லை. இப்படி ஒரு பெண் உண்டா?

அம்மா இப்போது தலை துவட்டியபடி பின்னால் வந்து நின்று வாசிக்கிறாள்.

"நீ திட்டினது எங்கடி?"

"எடுத்துட்டேன்."

"ஏன்?"

"அசிங்கமா இருக்கும்மா."

"உனக்கு அசிங்கம்னா எனக்கென்ன? நான் திருப்பிச் சொன்னதுதானே அங்க ஜோரு. நீ சொல்லாம நான் எப்படிச் சொல்றது? ஒழுங்கா எழுது."

எழுதுகிறேன். கடைக்காரரும் கேட்கும்படி நான் சொன்னது இது: "உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு நில்லு."

அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னது: "சூடு எனக்குத் தெரியும்டி."

கடையில் மூன்று வீடியோக்களை ஒன்றாக ஓட விட்டேன். இருபத்தாறாவது நிமிடம் அந்த வெள்ளி அழகி இரைந்தாள், திணறினாள், திரை கறுத்தது. கடைக்காரர் நல்ல மனிதர்தான், முகம் சிவந்துவிட்டது. "உள்ளே இருக்கிற காத்தாடியில தூசி அடைச்சிருக்கும்மா. சுத்தம் பண்ணித் தந்துடறேன்."

"பண்ணி வைங்க தம்பி. அடுத்து வர்றவங்க சந்தோஷமா வாங்கட்டும். அந்தக் குண்டு மெஷினை எடுங்க."

குண்டு, கறுப்பு. விசைகளில் பாதி எழுத்து அழிந்திருந்தது. ஒரு மணி நேரம் அசராமல் ஓடியது.

"எழுத்தே தெரியலையேம்மா, எப்படி அடிப்பீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்குத் தெரியுது" என்றேன்.

படியிறங்கும்போது பையை அம்மாவே தூக்கிக்கொண்டாள். எதிரில் வந்த யாருக்கும் வழி விடாமல் நடந்தாள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது என்று இதுவரை பீற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவின் இருபத்திரண்டு வருடத்துக்கு ஏன் யாரும் ஒரு சான்றிதழ்த் தாள்கூடத் தரவில்லை என்று அன்றைக்குத்தான் கோபம் வந்தது. என் பட்டம் பொய்யில்லை. என் பட்டியலில் ஒரு வரி குறைந்திருந்தது, அவ்வளவுதான். சேர்த்துவிட்டேன்.

5.

முடிவு அ: வேலை கிடைக்கிறது.

முடிவு ஆ: கிடைக்கவில்லை. மெஷின் நிற்கவில்லை. என்னைவிட நன்றாக எழுதியவர் ஒருவர் இருந்தார். (அப்படி ஒருவர் இருக்கட்டும், பார்க்கலாம்.)

முடிவு இ: மெஷின் நின்றுவிடுகிறது. இதை அனுமதிக்கமாட்டேன். எழுதுகிறவள் நான்.

எனக்குத் தெரிந்தது நாளைய முதல் கேள்வி மட்டும்தான். திரையில் ஒருவர் தோன்றி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார். பதிலை எட்டு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். எட்டிலும் அவருக்கு என் மேல் இரக்கம் வருகிறது. அது வேண்டாம். இரக்கப்பட்டுக் கொடுக்கிற வேலையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

ஒன்பதாவதைத் தொடங்கியிருக்கிறேன். மீதியை நீங்கள் எழுதுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள்.

"வணக்கம். என் அம்மா சூட்டை அளக்கத் தெரிந்தவர். நான்